தேநீர்க்கடை வைத்த தளபதி



ஞாயிறு ஆராதனை முடிந்து பெரியவர்கள் தேநீர் குடித்துக்கொண்டு கதைக்கின்ற அந்த அரை மணித்தியாலம்தான் பிள்ளைகளுக்கு உண்மையான ஞாயிற்றுக்கிழமை. கொட்டகலைப் பக்கத்திலுள்ள எமது சிறிய ஆலயத்தின் பின்னால், தேயிலை தொடங்குவதற்கு முன் ஒரு துண்டுப் புல்வெளி இருக்கின்றது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு அங்கே பெரும் சத்தம். ஒருவன் துவாயைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பேட்மேன் ஆகிவிட்டான். ஒருவன் ஸ்பைடர்மேன். ஒரு பெண்பிள்ளை தலையில் ரிப்பனைச் சுற்றி வொண்டர் வுமன். எல்லோரும் வீரர்களாகிவிட்டால் வில்லன் யார்? யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் எல்லாக் கைகளும் ஒரே பிள்ளையை நோக்கி நீண்டன.

அவன் அண்மையில் கிளிநொச்சிப் பக்கமிருந்து உறவினரின் லயத்துக்கு வந்து சேர்ந்தவன். அவனது பாட்டியின் குடும்பம் 1977 கலவரத்தில் இங்கிருந்து உயிர் தப்பி வன்னிக்குப் போன குடும்பம். அவனது பேச்சு கொஞ்சம் வேறு. அது போதுமே, பிள்ளைகளுக்கு. அவன் மறுக்கவில்லை. போய் நின்றான். அடித்தார்கள். விழுந்தான். விழுந்தவன் அசையாமல் அப்படியே கிடந்தான். அவனது தாய் கையிலிருந்த கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழுந்து ஓடியதை நான் பார்த்தேன். விளையாட்டு என்று தெரிந்த பிறகும் அவரது கை நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

எனது இளமைக் காலத்தில் பிள்ளைகள் ஆமி, புலி என்று இரு கட்சியாகப் பிரிந்து ஈர்க்குத் துவக்கால் சுட்டு விளையாடினார்கள். இப்போது முகமூடி மாறியிருக்கின்றது. குற்றத்தைக் கார்ட்டூன் மேல் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிறு பாடசாலையில் "அதெல்லாம் பார்க்கவே கூடாது" என்று சொல்லியும் வைத்தேன். அடுத்த வாரம் ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர் பாத்திருக்கீங்களா?" நான் பார்த்ததில்லை. பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது தவறு. கொரோனாக் காலத்தில் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய போன்கள் எமது லயங்களில் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றில் அவர்களோடு உட்கார்ந்து நானும் பார்க்கத் தொடங்கினேன்.

நிறையக் குப்பையும் உண்டு, ஒளிப்பதற்கில்லை. அடிதடி, வெடி, திரும்ப அடிதடி. ஆனால் எல்லாம் அப்படியல்ல. "எக்ஸ் மென்" என்ற கார்ட்டூன் தொடரில் 1995இல் வந்த ஒரு கதையில் நைட்கிராலர் என்று ஒருவன் வருகின்றான். நீல நிற உடம்பும் வாலும் கொண்ட அவனைப் பிசாசு என்று கிராமத்தார் துரத்துகின்றார்கள். அவனோ ஒரு மடத்தில் துறவிகளோடு இருந்து ஜெபிக்கின்றவன். துரத்துகின்றவர்களை வெறுக்க மறுக்கின்றான். விசுவாசம் விட்டுப்போன ஒரு முரட்டு வீரன் அவனைப் பார்த்துவிட்டு, கதையின் முடிவில் ஒரு கோவிலில் வேதாகமத்தோடு இருக்கின்றான். பிள்ளைகளுக்கான படத்தில் இதையெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை.

எனினும் இம்மாதம் உங்களோடு பேச விரும்புவது வேறொரு கதையைப் பற்றி. அதற்கு முன் எமது மாதர் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அன்று பேச வந்தவர் மன்னிப்பைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். பேதுரு எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்டதும், ஆண்டவர் எண்ணிக்கையே இல்லாதபடி ஒரு கணக்குச் சொன்னதும் நாமெல்லாம் அறிந்ததுதானே. முடிவில், மன்னிக்காதவருடைய ஜெபம் மேலே போகாது என்றார். கூட்டம் கலைந்தபின் அந்தப் பையனின் தாய் என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"டீச்சர், மன்னிக்கச் சொல்றாங்க. சரி. யார மன்னிக்கிறது? எங்க அண்ணன கூட்டிட்டுப் போனது யாருன்னே தெரியாதே. பேரு தெரியாத ஆள எப்புடி மன்னிக்கிறது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. உங்களில் எத்தனை பேர் இதே கேள்வியோடு இருக்கின்றீர்கள் என்பது எனக்குத் தெரியும். 1977, 1981, 1983 என்று அடிமேல் அடி வாங்கி, இனி இங்கே வாழ முடியாது என்று வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினவர்கள், போன இடத்திலும் 2009 வரை யுத்தத்துக்குள் அகப்பட்டார்கள். இங்கேயே இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தேடிப் போன தாய்மாருக்குச் சிங்களப் படிவத்தில் கையெழுத்துப் போடத்தான் கிடைத்தது. இவர்களிடம் "மன்னித்துவிடு" என்று சொல்வது ஒரு நிமிட வேலை. சொல்கின்றவருக்கு.

இனி அந்தக் கதைக்கு வருகின்றேன். பெயர் "அவதார்: த லாஸ்ட் எயார்பெண்டர்". 2005 முதல் 2008 வரை அமெரிக்காவில் 61 பகுதிகளாக வந்த கார்ட்டூன். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று 4 நாடுகள். நெருப்பு நாடு மற்றவர்கள் மேல் படையெடுத்து யுத்தம் 100 வருடங்களாக நடக்கின்றது. காற்று நாட்டு மக்கள் முற்றாக அழிக்கப்பட்டுவிட்டார்கள், ஒரே ஒரு பையனைத் தவிர. அவன் பெயர் ஆங். மொட்டைத் தலை, மஞ்சளும் காவியும் கலந்த உடை. எமது பிள்ளைகள் அவனை "சின்ன ஹாமுதுரு" என்றுதான் சொல்கின்றார்கள்.

இதைப் படித்ததும் சிலருக்கு முகம் சுளிக்கும், தெரியும். கிறிஸ்தவப் பாடத்துக்கு இந்த உருவம்தானா கிடைத்தது என்று கேட்பீர்கள். நல்ல அயலான் யார் என்று கேட்டவனுக்கு இயேசு ஒரு சமாரியனைக் காட்டினார். யூதருக்கு அந்த நாட்களில் சமாரியன் என்றால் எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் முகம் சுளித்துத்தான் இருக்கும். இந்தக் கதையை எழுதியவர்கள் இயேசுவைப் பற்றி எழுதவில்லை. நாம்தான் எமது வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கின்றோம்.

நீர் நாட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி, பெயர் கட்டாரா. வயது 14. அவள் சிறுபிள்ளையாயிருந்தபோது நெருப்பு நாட்டுப் படை ஊருக்குள் வந்தது. தண்ணீரை அசைக்கும் வரம் பெற்ற கடைசி ஆளைத் தேடி வந்தார்கள். அந்த வரம் அந்தச் சிறுமியிடம்தான் இருந்தது. தாய் மகளை வெளியே அனுப்பிவிட்டு, நீங்கள் தேடுவது என்னைத்தான் என்று பொய் சொன்னாள். மகள் தகப்பனைக் கூட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் தாய் இல்லை. சகோதரிகளே, இதைப் பார்க்கும்போது நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிள்ளைகள்தான் "கொஞ்சம் பொறுங்க டீச்சர்" என்று தொடர்ந்து பார்க்க வைத்தார்கள்.

2008இல் வந்த ஒரு பகுதியில் அவள் அந்த ஆளைத் தேடிப் போகின்றாள். வழிகாட்டுகின்றவன் யார் தெரியுமா? நெருப்பு நாட்டு மன்னனின் மகன் சூக்கோ. முன்பு அவளுக்குத் துரோகம் செய்தவன், இப்போது மனம் மாறி அவர்களோடு சேர்ந்திருக்கின்றான். புறப்படும்போது ஆங் மன்னிப்பைப் பற்றிப் பேசுகின்றான். அது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் சமம் என்று சூக்கோ சீறுகின்றான். ஆங் அதற்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பது சுலபம், மன்னிப்பதுதான் கடினம் என்கின்றான். ஆனால் அவளைத் தடுக்கவில்லை. பயணத்துக்குத் தன்னுடைய வாகனத்தையே கொடுத்து அனுப்புகின்றான். எமது போதகர்களும் என்னைப் போன்ற டீச்சர்மாரும் இந்த இடத்தை இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

தேடித் தேடிக் கடைசியில் ஆளைக் கண்டுபிடிக்கின்றாள். மழை நாள். இத்தனை வருடங்களாகக் கனவில் வந்து பயமுறுத்திய அந்தச் சிப்பாய், ஓய்வுபெற்ற ஒரு கிழவனாக, வயதான தாயின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு மரக்கறி வாங்கி வருகின்றான். பெய்கின்ற மழையையே அவள் ஊசி ஊசியாக உறைய வைத்து அவன்மேல் ஏவுகின்றாள். முகத்துக்கு முன்னால் நிறுத்துகின்றாள். அவன் மண்டியிட்டு அழுகின்றான். உன் தாய்க்குப் பதிலாக என் தாயை எடுத்துக்கொள் என்று பேரம் பேசுகின்றான். அவள் அவனைப் பார்க்கின்றாள். உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு மனிதன். திரும்பி நடந்துவிடுகின்றாள்.

வழமையான படமென்றால் இங்கே அழுகை, அணைப்பு, சங்கீதம். இதில் அது இல்லை. மன்னித்துவிட்டாயா என்ற பேச்சு வரும்போது, அவனை மன்னிக்கவில்லை, ஒருபோதும் மன்னிக்கப் போவதுமில்லை என்கின்றாள். கொல்லாமல் விட்டது தன் பலமா பலவீனமா என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்கின்றாள். பிறகு சூக்கோவிடம் போய், உன்னை மன்னிக்க ஆயத்தமாயிருக்கின்றேன் என்று சொல்லி அவனை அணைத்துக்கொள்கின்றாள்.

நான் இதைப் பல நாள் யோசித்தேன். வேதத்தின்படி அவள் பாதி வழிதான் வந்திருக்கின்றாள் என்று சொல்வோர் இருப்பார்கள். இருக்கட்டும். பழிவாங்குதல் தமக்குரியது என்று ஆண்டவர் சொன்னதாகப் பவுல் ரோமருக்கு எழுதினார். அதைத் தன் கையில் எடுக்காமல் அவள் கீழே வைத்துவிட்டாளே, அது பெரிய காரியம். கண்ணுக்கு முன்னால் மனம் வருந்தி நிற்கின்றவன், உதவி செய்ய வந்தவன், எதிரியின் மகன், அவனை ஏற்றுக்கொள்கின்றாள். வருந்தாதவனை என்ன செய்வது என்பதைக் கடவுளிடம் விட்டுவிடுகின்றாள். பெயர் தெரியாதவனை எப்படி மன்னிப்பது என்று கேட்ட தாய்க்கு, இன்று அதைச் செய்யத் தேவையில்லை, இன்று செய்யக்கூடியது வேறொன்று உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வந்தது இந்தக் கார்ட்டூனுக்குப் பிறகுதான்.

மன்னிப்பென்றால் குற்றத்தைக் கேட்காமல் விடுவது என்று சிலர் நினைக்கின்றார்கள். அது எமக்கு மிகவும் தீங்கான நினைப்பு. இந்தியாவில் ஒடிசா மாநிலத்தில் தொழுநோயாளருக்குச் சேவை செய்த கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்ற அவுஸ்திரேலிய மிஷனரியும் அவருடைய 2 ஆண்பிள்ளைகளும் 1999 ஜனவரியில் வாகனத்துக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. அவருடைய மனைவி கிளாடிஸ், செய்தவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஊருக்கு ஓடிவிடவில்லை, 2004 வரை அந்த நோயாளர்களோடேயே இருந்தார். ஆனால் வழக்கு நடந்தது. பிரதான குற்றவாளிக்குக் கொடுக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டு, 2011இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மன்னிப்பும் வழக்கும் ஒரே வீட்டில் இருந்தன.

எமது நாட்டிலும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் நடந்ததை மறக்க இயலாது. அடுத்த வருட உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அதே ஆண்டகைதான் உண்மையை வெளியே கொண்டுவாருங்கள் என்று கேட்பதை நிறுத்தவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட்டது. ஆகவே, மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டையோ செஞ்சிலுவைச் சங்கத்தார் தந்த அட்டையையோ அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பத்திரப்படுத்தி வையுங்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தெருவோரம் உட்கார்ந்த தாய்மார் கேட்டது பிள்ளைகள் எங்கே என்ற ஒரு கேள்வியைத்தான். அதைக் கேட்பது பாவமாகாது.

அந்தக் கார்ட்டூனில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு கிழவர். சூக்கோவின் பெரியப்பா, பெயர் ஐரோ. ஒரு காலத்தில் பெரிய தளபதி. நிலநாட்டின் தலைநகரை 600 நாட்கள் முற்றுகையிட்டவர். அந்த முற்றுகையில் தன் சொந்த மகனையே பறிகொடுத்து, மனமுடைந்து வாளை வைத்துவிட்டார். பின்னொரு காலத்தில் தம்பியின் மகனோடு அகதியாக, பெயரை மாற்றிக்கொண்டு, தான் முற்றுகையிட்ட அதே நகரத்துக்குள் வருகின்றார். வந்து என்ன செய்கின்றார்? தேநீர்க்கடையில் வேலை செய்கின்றார்! பிறகு சொந்தமாகவே ஒரு கடை. இலையின் வாசம், தண்ணீரின் சூடு என்று அவர் தேயிலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் எமது தொழிற்சாலைக் கணக்கப்பிள்ளை தோற்றுப்போவார். கொழுந்து பறிக்கின்ற எமக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம். (எமது கூலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது வேறு விஷயம்.)

ஒரு நாள் அந்த நகரத்தின் தெருவில் அழுகின்ற குழந்தையைச் சிரிக்க வைக்கின்றார். தன்னைக் கொள்ளையடிக்க வந்த இளைஞனுக்குப் புத்தி சொல்லித் தேநீர் ஊற்றிக் கொடுக்கின்றார். மாலையில் ஒரு குன்றின்மேல் மரத்தடியில் மகனுடைய படத்தை வைத்து, தனியாக உட்கார்ந்து பாடி அழுகின்றார். அன்று மகனின் பிறந்தநாள். படையோடு வந்து மகனை இழந்த ஊரிலேயே அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருக்கின்றார். மாற்றுப் பக்கத்திலும் மகனை இழந்தவர்கள் இருக்கின்றார்கள் என்று எமக்கு யாராவது சொன்னால் கோபம்தான் வரும். அந்த முதியவரைப் பார்த்துக் கோபம் வரவில்லை. சீருடையில் போய்ப் பெட்டியில் வந்த மகனுக்காக அழுகின்ற ஒரு சிங்களத் தாய் பொலன்னறுவையிலோ குருநாகலிலோ இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது.

அந்த ஐரோவை சூக்கோ ஒருதரம் காட்டிக்கொடுத்தும் விடுகின்றான். கடைசியில் வெட்கத்தோடு திரும்பி வந்து, உறங்குகின்ற பெரியப்பா எழும்பும்வரை பக்கத்தில் முழங்காலில் காத்திருக்கின்றான். எழும்பியதும் மன்னிப்புக் கேட்கத் தொடங்குகின்றான். பேசி முடிக்க விடவில்லை. இழுத்து மார்போடு அணைத்துக்கொள்கின்றார். உங்களுக்கு என்ன நினைவு வருகின்றது? லூக்கா 15ஐ எடுத்துப் பாருங்கள். கெட்ட குமாரன் பன்றித் தொழுவத்திலிருந்தே ஒரு பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு வருகின்றான், தன்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்படி. வீட்டில் அந்தக் கடைசி வரியைச் சொல்லத் தகப்பன் இடமே கொடுக்கவில்லை. ஞாயிறு பாடசாலையில் இந்தப் பாடத்தை 20 வருடமாகப் படிப்பிக்கின்றேன். அந்த வரி விடுபட்டுப் போவதை இப்போதுதான் கவனித்தேன்.

ஒற்றுமையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகின்றேன். 1990இல் தொடங்கிய "கப்டன் பிளனெட்" என்ற கார்ட்டூனில் வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த 5 பிள்ளைகளுக்கு 5 மோதிரங்கள். நிலம், நெருப்பு, காற்று, நீர், ஐந்தாவது இருதயம். நெருப்பு மோதிரம் வைத்திருப்பவனுக்குப் பெருமை. இருதய மோதிரம் வைத்திருக்கும் சின்னப் பையனிடம் அடிக்கவும் எரிக்கவும் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் மோதிரம் சேராவிட்டால் அந்த மாவீரன் தோன்றவே மாட்டான். சரீரத்தில் பலவீனமாகத் தோன்றும் அவயவங்கள்தான் மிகவும் வேண்டியவை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இதுதான். எமது மாதர் சங்கத்தில் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்களை இன்னும் "வந்தவங்க" என்றுதான் சொல்கின்றோம். பெயர்ப் பட்டியலில் கடைசியில் எழுதுகின்றோம், கூட்டத்தில் கதவோரம் உட்கார விடுகின்றோம். பெரியவர்கள் நாம் இப்படிச் செய்துவிட்டு, பிள்ளைகள் அந்தப் பையனை வில்லனாக்கினார்கள் என்று ஏசினால் யார் கேட்பார்கள்?

சென்ற மாதம் பிள்ளைகளோடு அந்தத் தாயும் வந்து உட்கார்ந்தார். மழையில் கட்டாரா நிற்கின்ற பகுதியைத்தான் பிள்ளைகள் போட்டார்கள். ஆங்கிலம் விளங்காத இடங்களில் அவருடைய மகனே தமிழில் சொல்லிக் கொடுத்தான். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயைக் கொன்றவன் மண்டியிட்டபோது அவர் அசையவில்லை. அவள் திரும்பி நடந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. பகுதி முடிந்து, பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். நான் கோப்பைகளைக் கழுவினேன், அவர் துடைத்து அடுக்கினார். கடைசிக் கோப்பையைத் துடைக்கும்போதுதான் கேட்டார்.

"டீச்சர், அந்தக் கெழவிக்குத் தெரியுமா, மகன் என்ன செஞ்சுட்டு வந்தான்னு?"

தெரிந்திருக்காது என்றேன்.

"பாவம்," என்றார். கோப்பையை வைத்துவிட்டு, மகனைத் தேடி வெளியே போனார்.